டிகிரிக் கட்டை

காலையில் கண் விழித்ததும் போனை எடுத்து, இன்றைக்கு எத்தனை டிகிரி என்று பார்க்கிற வியாதி நம் வயதுக்காரர்களில் எத்தனை பேருக்கு இருக்கிறதோ தெரியாது. எனக்கு இருக்கிறது. அதுவும் நம்மூர் டிகிரி இல்லை. பாரிவாக்கத்தில் மூன்றாவது மாடி பிளாட்டில் உட்கார்ந்துகொண்டு, ஸ்வீடனில் எவ்வளவு குளிர் என்று பார்க்கிறேன். மகள் அங்கே இருக்கிறாள். பிள்ளைகளைப் பனி கொட்டும் நாட்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து நடுங்குகிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தை மாதம் ஒரு சாயங்காலம் அவள் போன் செய்தாள். சும்மா பேசத்தான் என்று ஆரம்பித்தவள் இரண்டு நிமிஷத்தில் உடைந்துவிட்டாள்.

"நான் ஊருக்கே வந்துடறேம்மா. வேலைய விடறதுக்கு லெட்டர் கூட டைப் பண்ணி வச்சிட்டேன்."

"என்னடி திடீர்னு? மாப்பிள்ளையோட ஏதாவது..."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அவர் பாட்டுக்கு ஆபீஸ் போறார், வர்றார். நான்தான் வீட்டுலயே வேலை பாக்கறேன். இருட்டு தாங்கலம்மா. தூக்கம் வரல, முடி கொட்டுது, டாக்டர் மாத்திரை குடுத்திருக்கார். காலைல எழுந்து போன்ல மைனஸ் பதினாலுன்னு பாத்தாலே அழுகை வருது."

மகள் வருகிறேன் என்றால் எந்தத் தாய்க்குக் கசக்கும்? வா என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் நம்பரைப் பார்த்தாலே அழுகை வருகிறது என்றாளே, அது என்னை ஆவடிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. நம்பரைப் பார்த்து அழுத இன்னொருத்தரை எனக்குத் தெரியும். அவரைச் சாவின் வாசல் வரை கொண்டுபோனதில் எனக்கும் பங்கு உண்டு. ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. அன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அப்போது அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸ்தான் எங்கள் உலகம். ஒரு வீடு தஞ்சாவூர், அடுத்த வீடு வேலூர், அதற்கடுத்தது நாகர்கோவில் என்று தமிழ்நாட்டையே வரிசையாக அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். கடிகாரம் பார்க்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. தொழிற்சாலைச் சங்குதான் எங்களுக்கு மணி. முதல் சங்குக்கு அப்பா கிளம்புவார். இரண்டாவது சங்குக்கு எங்கள் வரிசையில் எல்லா வீட்டு சன்னல்களும் படபடவென்று மூடிக்கொள்ளும்.

கோடை ஆரம்பித்தால் அதுதான் வழக்கம். ராத்திரி முழுக்கத் திறந்து வைத்துக் காற்றை உள்ளே விட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் சாத்திவிட வேண்டும். மேற்குப் பக்கத்து சன்னலில் கோணியை நனைத்துத் தொங்கவிடுவோம். ஈரக்கோணி நாற்றமும் சிமெண்டுத் தரையின் சில்லிப்பும் அரை இருட்டுமாக, பகலெல்லாம் பனியனோடும் பாவாடையோடும் தரையில் புரள்வோம். சாயங்காலச் சங்கு ஊதியதும் வாசலில் தண்ணீர் தெளித்து, மறுபடி எல்லாவற்றையும் திறப்போம். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. பல் தேய்க்கிற மாதிரி அது பாட்டுக்கு நடக்கும்.

நான் ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதப்போகிற சமயத்தில், வரிசையின் கடைசியில் இருந்த பெரிய வீட்டுக்கு ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வந்தது. தொழிற்சாலைக்குப் போலந்திலிருந்து ஒரு பெரிய மெஷின் வாங்கியிருந்தார்கள். அதைப் பூட்டி ஓடவைத்துக் கொடுக்க வந்தவர் அந்த வீட்டுக்காரர். அதனால் அவர் மெஷின்காரர், அவர் மனைவி மெஷின்கார அம்மா, என் வயதில் இருந்த பெண் மெஷின்காரர் மகள். போலந்து எங்கே இருக்கிறது என்று அட்லஸில் தேடினோம். அது பக்கத்தின் மடிப்புக்குள் பாதி மாட்டிக்கொண்டிருந்தது.

மெஷின்காரர் மகளும் நானும் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டோம். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் சேர்ந்தால் ஒரு வாக்கியம் தேறும். அது போதுமானதாக இருந்தது. பல்லாங்குழியில் மூன்றாவது நாளே என்னைத் தோற்கடித்தாள். அதற்கு முன் எனக்கென்று ஒரு சிநேகிதி இருந்ததில்லை. இருந்ததெல்லாம் தம்பிகள்தான்.

அவர்கள் வராந்தாவில்தான் அந்தக் கட்டை தொங்கியது. ஒரு முழ நீள மரப்பலகை, நடுவில் சிவப்புக் கோடு ஓடுகிற கண்ணாடிக் குழாய், உச்சியில் நீலத்தில் ஒரு குருவி ஓவியம். நாங்கள் அதற்கு டிகிரிக் கட்டை என்று பேர் வைத்தோம். அதில் பாதி பூஜ்யத்துக்குக் கீழே உள்ள எண்கள். ஆவடியில் அந்தப் பாதி முழுக்க வீண். தினமும் மத்தியானச் சங்கு ஊதியதும் மெஷின்கார அம்மா வெளியே வந்து சிவப்புக் கோட்டைப் பார்த்து, ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு உள்ளே போவார்.

பங்குனி வரைக்கும் அவருக்குச் சந்தோஷம்தான். நாற்காலியை வெயிலில் போட்டு, முகத்தை வானத்துக்குக் காட்டி உட்கார்ந்திருப்பார். "இந்தம்மாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்று தஞ்சாவூர்க்கார அக்கா கேட்டதற்கு, "அவங்க ஊர்ல வெயில் ரேஷன்ல குடுப்பாங்க போல" என்று என் அம்மா சொல்லிச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

சித்திரை பிறந்ததும் ஆட்டம் மாறியது. கழுத்தெல்லாம் வேர்க்குரு. கண்ணுக்குக் கீழே கறுப்பு. சமையல் நின்று போனது. அந்த வீட்டு சன்னல்கள் மட்டும் காலையில் திறந்தால் திறந்தபடியே கிடக்கும். அனல் காற்றில் திரைச்சீலைகள் பறக்கும். ராத்திரியில் கொசுவுக்கும் ராக்காற்றுக்கும் பயந்து எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்திவிடுவார்கள். அதாவது நாங்கள் செய்வதற்கு அப்படியே தலைகீழ். பகலெல்லாம் சூட்டை உள்ளே வாங்கி, ராத்திரி அதைப் பூட்டி வைத்துக்கொண்டு படுத்தார்கள்.

குவார்ட்டர்ஸ் முழுக்க இதைப் பார்த்தது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவர் வெளியே வராததற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். தஞ்சாவூர்க்கார அக்கா திமிர் என்றார். வேலூர்க்கார அக்கா மசக்கை என்றார். அம்மா ஒருநாள் மிளகு ரசம் வைத்துத் தூக்கில் கொடுத்தனுப்பினாள். அதைக் குடித்து அவருக்கு இன்னும் வியர்த்துக் கொட்டியது.

"ஏம்மா, நம்ம மாதிரி சன்னல சாத்தச் சொல்லலாம்ல?" என்று நான் கேட்டேன்.

"போடி. எத்தனையோ ஊர் பாத்தவங்க, படிச்சவங்க. அவங்களுக்குத் தெரியாததா? நாம போய்ச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது. மரியாதை என்று நினைத்துக்கொண்டு ஒரு பெண்ணை வெயிலில் வேகவிட்டோம். ஆனால் அன்றைக்கு அம்மா சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த வாரம் அப்பா ஒரு செய்தி கொண்டுவந்தார். மெஷின்காரர் மனைவியையும் மகளையும் மாசக் கடைசியில் ஊருக்கு அனுப்பப்போகிறாராம். மறுநாள் மெஷின்காரர் மகளும் அதையே சொன்னாள். கட்டையைக் காட்டி, "இது நாற்பது வந்தால் அம்மா அழும். நாற்பது வேண்டாம்" என்று அவள் இங்கிலீஷில் சொன்னாள்.

நாற்பது வேண்டாம் என்றால் நாற்பதை எடுத்துவிட்டால் போயிற்று. பதினோரு வயது மூளைக்கு அது பெரிய கணக்காகத் தெரியவில்லை. யோசனை என்னுடையதுதான், அவள் தலையில் போடமாட்டேன். மத்தியானச் சங்குக்குக் கொஞ்சம் முன்னால் கட்டையைக் கழற்றி எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு எடுத்துப் போனோம். மண்பானைத் தண்ணீரில் அதை நட்டுவைத்தோம். சிவப்புக் கோடு மளமளவென்று இறங்கியதைப் பார்த்து இருவருக்கும் கை கால் ஓடவில்லை. அதைப் பாவாடையில் துடைத்து, ஓடிப்போய் ஆணியில் மாட்டினோம். சங்கு ஊதியது. மெஷின்கார அம்மா வந்தார், பார்த்தார், கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். இருபத்தெட்டு.

அவர் சிரித்ததை முதல் தடவையாக அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். மேல்பல் ஒன்று லேசாக ஏறியிருந்தது. அன்றைக்குப் பல நாளுக்குப் பிறகு அடுப்பு மூட்டி, மாவில் ஏதோ உருண்டை பிடித்து வேகவைத்து, எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார். உப்பில்லாத கொழுக்கட்டை மாதிரி இருந்தது. நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றேன். அவர் போகமாட்டார், அவளும் போகமாட்டாள் என்று அன்றைக்கு நான் முழுசாக நம்பினேன்.

இரண்டு நாள் இப்படியே ஓடியது. மூன்றாம் நாள் இருபத்தேழு வரை இறக்கினோம்.

நான்காம் நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. நாய்கள்கூடச் சாக்கடையில் போய்ப் படுத்துக்கொண்டன. வழக்கம்போல் கட்டையை நனைத்து மாட்டினோம். மெஷின்கார அம்மா வந்து பார்த்தார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார். மகளிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"அம்மாவுக்குக் காய்ச்சல்" என்றாள் அவள்.

வெளியே குளிர்ச்சி, தன் உடம்பு மட்டும் கொதிக்கிறது. அப்படியென்றால் அது காய்ச்சல்தானே? கட்டை பொய் சொல்லும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர்கள் ஊரில் காய்ச்சல் வந்தால் கம்பளியைப் போர்த்தி வியர்க்க வைப்பார்களாம். பெட்டியின் அடியிலிருந்து கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டு, மேலே தடிப் போர்வையையும் இழுத்து மூடிக்கொண்டார். ஆவடியில், அக்னி நட்சத்திரத்தில், நாலு சன்னலும் திறந்திருக்கிற வீட்டில்.

நாங்கள் இருவரும் கட்டில் பக்கத்தில் நின்றோம். அவர் முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் வியர்வை நின்று தோல் காய்ந்துபோனது. பிறகு மகள் கூப்பிட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் சொன்னால் அடி விழும் என்ற பயத்தில் வாய் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. அந்த நேரத்தைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

கடைசியில் வாசலுக்கு ஓடினேன். கீரைக்காரம்மா காலிக் கூடையோடு வந்துகொண்டிருந்தார். பருத்திப்பட்டிலிருந்து நடந்தே வருகிறவர். வியாபாரம் முடிந்து எங்கள் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவது அவர் வழக்கம். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

"அய்யய்யோ! இன்னாடி இது? இம்மாம் வெயில்ல கம்பளிய போத்திகினு படுத்துகினு கீது இந்தம்மா!" போர்வையை ஒரே உருவு. "ஏய் பொண்ணே, ஜன்னல சாத்து. எல்லாத்தையும் சாத்து!" என்று மெஷின்காரர் மகளுக்குக் கைகாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ போய் உங்கம்மாவ இட்டுகினு வா. கோணி கொண்டாரச் சொல்லு, பானத் தண்ணி கொண்டாரச் சொல்லு."

அம்மா வந்தாள், பின்னாலேயே அக்காமார் இருவரும் வந்தார்கள். கம்பளிச் சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் உடம்பெல்லாம் ஒற்றி, கோணியை நனைத்து மாட்டி, விசிறினார்கள். அவர் கண் திறந்த பிறகுதான் மோரில் உப்புப் போட்டு மடக்கு மடக்காகக் கொடுத்தார்கள். கீரைக்காரம்மாவின் வாய் மட்டும் ஓயவில்லை.

"தெனம் நானுந்தான் பாக்கறேன், இந்த ஊடு மட்டும் தொறந்துகினு கீது. எவளோ ஒருத்தி சொல்லியிருப்பான்னு நெனச்சிகினு போய்ட்டேன். இத்தினி பேரு கீறீங்க, ஒருத்தியாவது சொல்லக்கூடாது?"

"அவங்க பெரிய இடம்..." என்று அம்மா இழுத்தாள்.

"வெயிலுக்கு இன்னாம்மா பெரிய எடம், சின்ன எடம்?"

சொல்லி அனுப்பி டாக்டர் வந்தார். வெயில் தாக்கியிருக்கிறது, நல்ல நேரத்தில் கவனித்தீர்கள், இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, கட்டை, பானை, இருபத்தேழு எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன். முதுகில் நாலு வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடிக்கவில்லை.

"நீயும் சொல்லல, நானும் சொல்லல" என்று மட்டும் சொல்லி என் கண்ணைத் துடைத்தாள்.

மறுநாள் காலை இரண்டாவது சங்குக்கு, அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். மெஷின்காரர் வேலைக்குப் போகாமல் இருந்தார். என் நொண்டி இங்கிலீஷில் முதலில் என் குற்றத்தைச் சொன்னேன், பிறகு சன்னல் விஷயத்தைச் சொன்னேன். மெஷின்கார அம்மா படுக்கையில் சாய்ந்தபடி என்னையே பார்த்தார். கட்டையை எடுத்துவரச் சொல்லி, பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடத்தில் விட்டார். கோடு இறங்கியது. வெளியே எடுத்தார். அது ஏறியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே என் காதைப் பிடித்து ஒரு திருகு திருகினார். அந்தத் திருகலில் எனக்குப் பாதி உயிர் வந்தது.

ஆனால் சன்னலைச் சாத்த ஒப்புக்கொள்ளவில்லை. பகலில் இருட்டில் உட்கார்வதற்கு இது என்ன சிறையா என்று கேட்டார். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. அவள் பாட்டுக்குப் போய் ஒவ்வொன்றாகச் சாத்தி, கோணியை நனைத்துவிட்டு, கட்டையைக் கொண்டுபோய் உள்சுவரில் மாட்டினாள். மத்தியானச் சங்கு ஊதியதும் பார்த்தோம். முப்பத்துநாலு. அதையே வராந்தாவில் கொஞ்ச நேரம் மாட்டிப் பார்த்தோம். நாற்பத்திரண்டு. மெஷின்கார அம்மா இரண்டையும் நோட்டில் எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டு, அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

ஊர்ப் பயணம் முதலில் தள்ளிப்போனது, அப்புறம் நின்றே போனது. அதன்பின் அவர் அழவே இல்லை என்று சொன்னால் பொய். ஆனி மாதத்திலும் சில நாள் கண் சிவந்திருக்கும். ஆனால் மார்கழியில் நாங்களெல்லாம் மப்ளர் சுற்றிக்கொண்டு நடுங்கியபோது, அவர் கையில்லாத கவுன் போட்டுக்கொண்டு கோலம் பார்க்க வந்தார். மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு, பொங்கல் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். போகும்போது கட்டையை என்னிடம் கொடுத்தார். அப்பா ரிட்டயர் ஆகி மண்ணூர்பேட்டைக்கு வீடு மாறியபோது அது எந்த மூட்டையில் போனதோ, கிடைக்கவே இல்லை.

ஒரு விஷயம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. சன்னல் சாத்த ஒரு வாரத்தில் பழகிவிடலாம். மெஷின்கார அம்மாவும் பழகிவிட்டார். ஆனாலும் இரண்டாவது சங்குக்கு அம்மா போகிறவரை அந்த வீட்டு சன்னல்கள் திறந்தேதான் இருக்கும். அம்மா போய்ச் சாத்துவாள். அப்புறம் இருவரும் அரை இருட்டில் உட்கார்ந்து, ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குப் புரியாமல், வெள்ளரிப்பிஞ்சு நறுக்கித் தின்பார்கள். "இன்னும் கத்துக்கல பாரு" என்று அம்மா தினமும் அலுத்துக்கொண்டே போவாள். ஒருநாள்கூடப் போகாமல் இருந்ததில்லை.

மகள் கதைக்கு வருகிறேன். அன்றைக்கு அவள் அழுது முடித்ததும், "வீடியோவைப் போடு, முகத்தைப் பாக்கணும்" என்றேன். போட்டாள். கறுத்து, இளைத்து, விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். இங்கே நாலரை மணி.

"அங்க இப்போ என்ன மணி?"

"பன்னெண்டு."

"மத்தியானம் பன்னெண்டு மணிக்கு எதுக்குடி விளக்கு?"

"கர்ட்டன் போட்டிருக்கேம்மா."

"ஏன்?"

அவள் யோசித்தாள். "என்னமோ... பத்து மணி ஆனா இழுத்து விட்டுடுவேன். நம்ம வீட்டுல அப்படித்தானே?"

நம்ம வீட்டில் அப்படித்தான். என் அம்மா சாத்தினாள், நான் சாத்தினேன், இவள் பார்த்து வளர்ந்தாள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வெளிச்சம் வருகிற ஊரில், அந்த ஆறு மணி நேரத்தையும் திரை போட்டு மறைத்துக்கொண்டு, இருட்டு தாங்கவில்லை என்று அழுகிறது என் பெண். மாப்பிள்ளை பார்த்திருப்பார். அவளுக்குப் பிடித்திருக்கிறது, நாம் ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டிருப்பார். அவரும் மரியாதைக்காரர்தான்.

"எழுந்து போய் அதைத் திற" என்றேன்.

"ஸ்க்ரீன்ல கண்ணு கூசும்மா..."

"லேப்டாப்பைத் திருப்பி வச்சுக்கோ. முதல்ல திறடி!"

கீரைக்காரம்மாவின் குரல் என் தொண்டையில் இருந்தது. அவள் எழுந்து போனாள். திரைவளையங்கள் சரசரவென்று நகர்ந்த சத்தம் கேட்டது. வெளியே பனியில் பட்ட வெயில் அப்படியே உள்ளே பாய்ந்ததில், போனில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாகக் கூசியது. அதற்குள்ளிருந்து, "அம்மா, தரையெல்லாம் வெயிலா கீதும்மா" என்று குரல் வந்தது. சந்தோஷம் வந்தால் அவளுக்கு ஆவடி பாஷை தானாக வந்துவிடும்.

சன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு, முகத்தைக் காட்டி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். மெஷின்கார அம்மா பங்குனி வெயிலில் உட்கார்ந்திருந்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதைக் கிறுக்கு என்று சொல்லிச் சிரித்தோமே என்று வெட்கமாக இருந்தது. கட்டைக் கதை முழுவதையும் அவளிடம் சொன்னேன். என் காதைத் திருகிய இடத்தில் அவள் சிரித்தாள்.

திரையைத் திறந்ததும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மாத்திரை சாப்பிடுகிறாள், மத்தியானம் அரை மணி நடக்கிறாள், சில நாள் குரல் மங்கியிருக்கிறது. டைப் செய்த லெட்டர் அப்படியே இருக்கிறது. வேனில் வரும்வரை பார்க்கிறேன் என்றிருக்கிறாள். அவள் வந்தால் எனக்குக் கொண்டாட்டம்தான். பூந்தமல்லி மெட்ரோவில் உட்காரவைத்து ஊரெல்லாம் காட்டுவேன். ஆனால் பயந்து ஓடி வரவேண்டாம், ஆசைப்பட்டு வரட்டும்.

அன்றிலிருந்து தினமும் நாலரைக்குக் கூப்பிடுகிறேன். இன்றைக்கும் கூப்பிட்டேன். முகத்தில் கொஞ்சம் தெளிச்சி இருந்தது. ஆனால் பின்னால் திரை மூடித்தான் கிடந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இத்தனை நாள் சொல்லியும் இன்னும் திறக்கலையா?"

"திறக்கத் தெரியாமலா? பத்து மணியிலேருந்து ஹால்ல வெயில்லதாம்மா உக்காந்திருந்தேன்" என்றாள் மகள். "இந்த ஒரு ஜன்னல மட்டும் நீ வரட்டும்னு வச்சிருக்கேன்."